கல்லூரி ஆய்விலிருந்து முதலீட்டு ஆய்வுக்கு: நீலகிரியில் இருந்து தொடங்குபவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எம்.எஸ்சி., எம்.ஃபார்ம்., பி.எச்டி. என்று முடித்துவிட்டு, கௌரவ விரிவுரையாளர் பணிக்கோ ப்ராஜெக்ட் ஃபெல்லோ வேலைக்கோ விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலீட்டு ஆய்வு என்று ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "அதெல்லாம் சி.ஏ., எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. மருந்து, ரசாயனம், வேளாண் இடுபொருள், மின்னணு போன்ற துறைகளை ஆராய அந்தந்தப் பாடம் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். கணக்கியலைச் சில மாதங்களில் தேவையான அளவு கற்றுக்கொள்ளலாம். மூல ஆவணத்தைத் தேடிப் போய்ப் படிப்பது, எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது, ஒத்துவராத தகவலை மறைக்காமல் எழுதுவது, இவையெல்லாம் ஆய்வுப் படிப்பில் வருடக்கணக்காக ஊறி வந்த பழக்கங்கள். அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் பெரும்பாலானோர் செய்வதுபோல் சான்றிதழ் வகுப்பில் பணம் கட்டித் தொடங்காதீர்கள். நம் மலையில் கண்ணெதிரே ஓடும் தொழிலில் இருந்து ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு, அதை முழுதாகப் புரிந்து, ஓர் அறிக்கை எழுதுங்கள். சான்றிதழ் அதற்குப் பிறகு வரட்டும்.

வேலை என்ன, எங்கே கிடைக்கும்

ஒரு பங்கு ஆய்வாளர் ஒன்றோ இரண்டோ துறைகளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பார். அந்தத் துறையின் கம்பெனிகள் காலாண்டு முடிவுகளை வெளியிட்டால் அன்றே படித்து, எக்செல்லில் வைத்திருக்கும் கணிப்பைத் திருத்தி, என்ன மாறியது என்று எழுத வேண்டும். நடுநடுவே நிர்வாகத்தினரிடமும் டீலர்களிடமும் பேச வேண்டும். கடைசியில் இந்தப் பங்கு இவ்வளவு பெறும் என்று ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

புரோக்கிங் நிறுவனத்தில் இருந்து வாடிக்கையாளர்களுக்காக எழுதினால் செல்-சைட். மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் நிறுவனம் போன்ற இடத்தில் இருந்து அவர்களுடைய முதலீட்டுக்காகவே ஆராய்ந்தால் பை-சைட். இந்த இரண்டிலும் இடங்கள் குறைவு, பெரும்பகுதி மும்பையில். புதிதாக வருபவர்களுக்கு இன்னும் இரண்டு வாசல்கள் அகலமானவை என்பது என் கருத்து. ஒன்று, கம்பெனிகள் கடனைத் திருப்பிக் கட்டும் திறனை எடைபோடும் கிரிசில், இக்ரா, கேர் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள். இன்னொன்று, வெளிநாட்டு வங்கிகளுக்காக ஆய்வு செய்துகொடுக்கும் சென்னை, பெங்களூரு அலுவலகங்கள். சென்னைக்கு இது பழகிய தொழில்தான். அங்கே வளர்ந்த ஐரெவ்னா என்ற ஆய்வு நிறுவனத்தை 2005இல் கிரிசில் வாங்கியது. மேட்டுப்பாளையம் இறங்கி ரயில் ஏறினால் விடிந்ததும் போய்ச் சேரும் ஊரில் வேலை இருக்கும்போது, மும்பையை மட்டுமே இலக்காக வைத்து இரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம்.

கணக்கியல்: மூன்று மாதம் ஒதுக்குங்கள்

லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை. இந்த மூன்றும் எப்படி ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன என்பது புரிந்தால் போதும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஃபவுண்டேஷன் பாடநூல்கள் அவர்கள் தளத்திலேயே இலவசம். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் கணக்கியல், நிதி மேலாண்மைப் பாடங்கள் உண்டு. ஒரு சோதனை சொல்கிறேன்: ஒரு கம்பெனி 10 கோடி ரூபாய்க்குச் சரக்கை விற்றது, பணம் இன்னும் வரவில்லை. இது மூன்று அறிக்கைகளிலும் எங்கெங்கே தெரியும்? தயங்காமல் பதில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

எக்செல்லை வீடியோ பார்த்து மட்டும் பழகாதீர்கள். ஒரு கம்பெனியின் ஐந்து வருடக் கணக்கைக் கையால் தட்டச்சு செய்து உள்ளிடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த வரி திடீரென்று இரட்டிப்பானது, எந்தச் செலவு போன வருடம் வேறு தலைப்பில் இருந்தது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

தேயிலையில் தொடங்குங்கள்

இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மலைக்காரர்களுக்கு இருக்கும் பெரிய வசதி இது. சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து தேயிலைக் கம்பெனியைப் படிப்பவருக்கு ஆண்டறிக்கை மட்டும்தான். உங்களுக்குக் குன்னூர் ஏலம் இருக்கிறது, தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி இருக்கிறது, தேயிலை வாரிய அலுவலகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் பேக்டரி இருக்கிறது. அனேகமாக உங்கள் உறவிலேயே பச்சைத்தேயிலை போடும் சிறு விவசாயி ஒருவர் இருப்பார்.

சாம்ராஜ் எஸ்டேட்டை நடத்தும் யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ், குன்னூர் காட்டேரியில் தோட்டம் வைத்திருக்கும் நீலமலை அக்ரோ ஆகிய இரண்டும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. இவற்றின் பங்குகளை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. படித்துப் பழக ஏற்ற அளவுள்ள சிறிய கம்பெனிகள் என்பதால் குறிப்பிடுகிறேன். ஆண்டறிக்கைகள் கம்பெனி தளத்திலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து வருடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, ஏலத்தில் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு லாபம்?

ஒரு கம்பெனி வருடத்துக்கு 20 லட்சம் கிலோ தூள் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ரூபாய் ஏறினால் 2 கோடி ரூபாய் கூடுதல் வரவு. கொழுந்து முழுக்கச் சொந்தத் தோட்டத்தில் பறித்தது என்றால் கூலி, உரம், விறகு, கரண்ட் செலவு அப்படியே இருக்கும். ஆக அந்த 2 கோடியில் பெரும்பகுதி லாபத்தில் சேரும். அதே 20 லட்சம் கிலோவை வெளியில் வாங்கிய பச்சைத்தேயிலையில் தயாரித்திருந்தால் கணக்கு வேறு. தேயிலை வாரியம் மாதாமாதம் ஏல சராசரியை வைத்துப் பச்சைத்தேயிலைக்கு விலை அறிவிக்கிறது. தூள் விலை ஏறினால் இலை விலையும் ஏறும். விவசாயிக்கு 65, பேக்டரிக்கு 35 என்ற பங்கீட்டில் போட்டுப் பாருங்கள். 10 ரூபாயில் 6.50 இலைக்குப் போய்விடும், பேக்டரிக்கு 3.50. வருடத்துக்கு 70 லட்சம். ஒரே ஏல விலை, ஒரே உற்பத்தி, ஒரு கம்பெனிக்கு 2 கோடி, இன்னொன்றுக்கு 70 லட்சம்.

ஆகவே ஆண்டறிக்கையில் நீங்கள் முதலில் தேட வேண்டியது சொந்த இலை எவ்வளவு, வாங்கிய இலை எவ்வளவு என்ற எண்ணைத்தான். ஒரு கிலோ தூளுக்கு 4 முதல் 4.5 கிலோ வரை பச்சைத்தேயிலை வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அறிக்கையில் உள்ள எண்கள் அந்த விகிதத்துக்கு ஒத்து வருகின்றனவா என்றும் சரிபாருங்கள். ஒத்து வராவிட்டால் காரணம் தேடுங்கள். ஆய்வு அங்கேதான் சூடு பிடிக்கும்.

இரண்டாவது, வரி. தேயிலைக் கம்பெனி கட்டும் வரி லாபத்தோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கலாம். தானே பயிரிட்டுத் தானே தயாரிக்கும் தேயிலையில் வரும் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம். மீதி 40 சதவீதத்துக்குத்தான் மத்திய வருமான வரி. 10 கோடி வருமானம் என்றால் 4 கோடிக்கு வரி. வரி விகிதம் 25 சதவீதம் என்றால் 1 கோடி. கம்பெனிக்கு வாடகை, வட்டி, டிவிடெண்ட் என்று வேறு வருமானம் கூடினால் இந்தச் சலுகை அதற்கு இல்லை. விவரம் தெரியாமல் எல்லா வருடத்துக்கும் ஒரே வரி விகிதத்தைப் போட்டுக் கணித்தால் கணிப்பே பிசகிவிடும்.

மூன்றாவது, பருவம். ஜனவரியில் இருந்து மார்ச் வரை உறைபனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்து குறையும். ஏப்ரலில் கோடை மழை பெய்தால் இலை பொங்கும். எனவே ஜூன் காலாண்டை மார்ச் காலாண்டோடு ஒப்பிட்டு "உற்பத்தி பாய்ச்சல்" என்று எழுதக் கூடாது. போன வருட ஜூனோடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டை அவசரத்தில் தவறவிட்ட அறிக்கைகள் வெளியில் நிறைய உண்டு. பனி விழுந்த காலையில் கருகிய செடியைப் பார்த்து வளர்ந்த நீங்கள் தவறவிட மாட்டீர்கள்.

நான்காவது, லாபம் எங்கிருந்து வருகிறது. நீலமலை அக்ரோவுக்கு ஏவிடி நேச்சுரல் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் பங்கு உண்டு. அதனால் கம்பெனியின் தனிக் கணக்கு ஒரு கதை சொல்லும், அது பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் லாபத்தையும் சேர்த்துப் போடும் ஒருங்கிணைந்த கணக்கு இன்னொரு கதை சொல்லும். தோட்டம் சம்பாதிப்பது எவ்வளவு, வைத்திருக்கும் பங்கில் இருந்து வருவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் உங்கள் அறிக்கைக்கு உடனே ஒரு கனம் வந்துவிடும்.

அப்புறம் ஒரு பேக்டரிக்குப் போய் வாருங்கள். தெரிந்தவர் மூலம் கேட்டுக்கொண்டு, இலை வண்டி வந்து இறங்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. எடை போடும் இடத்தில் சற்று நின்றாலே பல விஷயங்கள் பிடிபடும்: மழைநாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், முற்றிய இலை எவ்வளவு வருகிறது, எந்த ஊர் ஏஜென்ட் இலை நன்றாக இருக்கிறது. வாடவைக்கும் தொட்டிகள் பாதி காலியாக இருந்தால் பேக்டரி முழு அளவுக்கு ஓடவில்லை என்று பொருள். "அண்ணா, விறகு டன் என்ன விலைக்கு வருது? போன வருஷம் என்ன?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் சொல்வார்கள். ஆண்டறிக்கையில் "எரிபொருள் செலவு" என்று ஒற்றை வரியாக இருப்பதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது அப்போது தெரியும். போனில் படம் எடுப்பதாக இருந்தால் அனுமதி கேட்டு எடுங்கள்.

எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது

நம் ஊர்கள் சின்னவை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் மாமா ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பார். "இந்தத் தடவை ரிசல்ட் பிரமாதம், அடுத்த வாரம் வருது பாரு" என்பார், பிரியத்தோடுதான் சொல்வார். அது வெளிவராத, விலையைப் பாதிக்கக் கூடிய தகவல். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிகளின்படி அதை வைத்துப் பங்கு வாங்குவதும் குற்றம், இன்னொருவருக்குச் சொல்வதும் குற்றம். கேட்ட உங்களையும் பிடிக்கும், சொன்ன மாமாவையும் பிடிக்கும். "மாமா, நான் இந்த வேலைக்குப் போகப்போறேன், என்கிட்ட அதைச் சொல்லாதீங்க" என்று அன்றே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஏல விலை, வானிலை, தோட்டத்தில் பனிக்கருகல், சாலையில் போகும் லாரிகள், பல விவசாயிகளிடம் விசாரித்த பொதுவான இலை நிலவரம், இவை எவரும் பார்க்கவும் கேட்கவும் கூடியவை. இவற்றைச் சேர்த்து நீங்களாக ஒரு முடிவுக்கு வருவதுதான் ஆய்வு. எல்லைக்கோடு எங்கே என்று சந்தேகம் வந்தால் அந்தத் தகவலைத் தொடாமல் விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. செபியிடம் பதிவு இல்லாமல் "இதை வாங்குங்கள், இந்த விலைக்குப் போகும்" என்று பொதுவெளியில் பரிந்துரைப்பது 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிகளை மீறுவதாகும். வாட்ஸ்அப் குழுவோ யூடியூபோ, எந்த இடமானாலும் கூடாது. நீங்கள் எழுதும் மாதிரி அறிக்கையை வேலைக்கான சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனங்களுக்குத் தனியாக அனுப்புங்கள்.

அறிக்கையை எழுதும் விதம்

ஆய்வேடு எழுதிய கைக்கு இதுதான் கடினம். ஆய்வேட்டில் முன்னுரை, இலக்கிய மீளாய்வு, முறையியல் என்று போய் முடிவு கடைசியில் வரும். இங்கே முடிவு முதல் பத்தியில் வர வேண்டும். "மேலும் ஆய்வு தேவை" என்ற வாக்கியத்துக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. தகவல் பாதிதான் கையில் இருக்கும், காலக்கெடு நாளை காலை. அதற்குள் ஒரு நிலைப்பாடு எடுத்து, எவ்வளவு உறுதியோடு சொல்கிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் பக்கத்தில் உங்கள் கருத்து, அதற்கு மூன்று காரணங்கள், எது நடந்தால் நீங்கள் சொன்னது தவறாகும் என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊட்டி இந்து நகரில் 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ன ஆனது என்று இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட பேக்டரி அது. ஃபிலிமுக்கான தேவையே மறைந்தபோது இயந்திரமும் திறமையான தொழிலாளிகளும் இருந்தும் பயன் இல்லாமல் போனது. நீங்கள் எடுத்த கம்பெனிக்கு அப்படி ஒரு நாள் எந்தப் பக்கத்தில் இருந்து வரக்கூடும் என்று ஒரு பத்தியாவது யோசித்து எழுதுங்கள்.

எழுதியதை, பங்குச் சந்தையே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கு முதல் பக்கம் புரியாவிட்டால் திருப்பி எழுதுங்கள்.

உங்கள் பாடத்துக்கு ஏற்ற துறை

தேயிலை அறிக்கை உங்கள் முறையைக் காட்டும். அதன்பின் உங்கள் பாடத்தோடு நேரடித் தொடர்புள்ள துறையில் இரண்டாவது அறிக்கை எழுதுங்கள். தாவரவியல், வேளாண்மை படித்தவர்களுக்கு விதை, உரம், பூச்சிமருந்து. இயற்பியல், மின்னணுவியல் என்றால் மின்சாரம், மின்னணு உற்பத்தி. புள்ளியியல், கணிதம் என்றால் எண்வழி முதலீட்டு முறைகள் ஒரு தனிப் பாதையாகவே இருக்கிறது; அதற்குப் பைத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஊட்டியில் பார்மசி படித்தவர்கள் நிறைய. உங்களுக்கு மருந்துத் துறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு இந்திய ஆலையைச் சோதித்துவிட்டு, குறைகள் தென்பட்டால் அவற்றைப் பட்டியலிட்டுப் படிவம் 483 கொடுக்கும். கம்பெனி 15 வேலை நாட்களுக்குள் பதில் தர முயலும். பதில் போதவில்லை என்றால் எச்சரிக்கைக் கடிதம் வரலாம், புதிய மருந்துகளுக்கான அனுமதி தள்ளிப்போகலாம். 483 வந்தது என்ற செய்தி கேட்டதுமே பங்கு விலை ஆடும். ஆனால் "ஆறு குறிப்புகள்" என்ற எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. கதவு இடுக்கு, பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டது போன்ற ஆறு குறிப்புகளைச் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். மருந்தின் தூய்மையை அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியின் சோதனை முடிவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள் என்ற ஒரே ஒரு குறிப்பு, ஆலை தரும் எல்லாத் தரவுகள் மீதும் சந்தேகத்தைக் கிளப்பும். இந்த வித்தியாசத்தைப் படித்த உடனே சொல்ல, ஆய்வகத்தில் அந்தக் கருவி முன் நின்றவரால் முடியும். வெளியான 483களை எஃப்.டி.ஏ. தளத்தில் இருந்து எடுத்து, ஒவ்வொரு குறிப்பும் எவ்வளவு தீவிரம் என்று நீங்களே தரம் பிரித்து ஓர் அட்டவணை போடுங்கள். நேர்காணலில் அதைக் காட்டுங்கள்.

சான்றிதழ்கள்

கட்டாயம் வேண்டியது ஒன்றுதான்: செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ரிசர்ச் அனலிஸ்ட் தேர்வு, வரிசை எண் 15. பாடநூல் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பார்கள். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். கணக்கியல் முடித்தவருக்கு ஒரு மாதப் படிப்பு போதும். தனியாகப் பதிவு செய்துகொண்டு ஆய்வாளராக இயங்க நினைப்பவர்களுக்குக் கல்வித்தகுதி விதிகள் தனி. அவை அண்மையில் மாறியிருக்கின்றன, விண்ணப்பிக்கும் நாளில் செபி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச முதலீட்டு ஆய்வுத் தேர்வு மூன்று நிலைகள் கொண்டது, கட்டணம் டாலரில். முழுப் பட்டத்துக்குக் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணிநேரப் பணி அனுபவமும் காட்ட வேண்டும். வேலை கிடைத்தபின் நிறுவனத்தின் உதவியோடு எழுதலாம். வீட்டில் கடன் வாங்கி முதல் நிலை எழுதும் அவசரம் வேண்டாம்.

விண்ணப்பமும் நேர்காணலும்

பயோடேட்டா ஒரு பக்கம். வெளியான கட்டுரைகளின் பட்டியலைக் குறைத்து, ஆய்வேட்டை மூன்று வரியில் சொல்லுங்கள்: என்ன கேள்வி, எந்தத் தரவு, என்ன கண்டுபிடித்தீர்கள். மின்னஞ்சலில் அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் இணைத்து, முழு அறிக்கையும் எக்செல்லும் கேட்டால் அனுப்புகிறேன் என்று எழுதுங்கள். மனிதவளப் பிரிவின் பொது முகவரியைவிட, அந்தத் துறையைப் பார்க்கும் மூத்த ஆய்வாளருக்கே அனுப்புவது பலன் தரும். ஆய்வறிக்கைகளில் எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் அச்சாகியிருக்கும். அவருடைய அண்மை அறிக்கை ஒன்றைப் படித்து, அதில் ஒரு குறிப்பிட்ட எண்ணைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

நேர்காணலில் இரண்டு சோதனைகள் பொதுவாக உண்டு. ஒன்று, சில மணிநேரத்தில் ஒரு கம்பெனியின் கணிப்பை எக்செல்லில் போடச் சொல்வது. இன்னொன்று, "ஒரு பங்கைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள்." பேசி முடித்ததும் எதிர்வாதம் வைப்பார்கள். வைவாவில் பழகிய உங்களுக்கு இது புதிதில்லை. எதிர்வாதம் சரியென்றால் ஒத்துக்கொண்டு, அதனால் கணிப்பு எவ்வளவு மாறும் என்று எண்ணில் சொல்லுங்கள். "படிப்பை விட்டு ஏன் இங்கே வருகிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கல்லூரி வேலை கிடைக்கவில்லை என்று தொடங்காமல், எழுதிய அறிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். ஆர்வம் அதில் தானாகத் தெரியும்.

வேலை உறுதியானால், சேரும் முன் உங்கள் பெயரிலும் வீட்டாருடைய டீமேட் கணக்குகளிலும் என்னென்ன பங்குகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரமே கேட்பார்கள். நீங்கள் பரிந்துரைக்கும் பங்கை, அறிக்கை வெளியாவதற்கு 30 நாள் முன்பிருந்து 5 நாள் பின்பு வரை நீங்கள் வாங்கவோ விற்கவோ கூடாது. அப்பா பல வருடமாக வைத்திருக்கும் தேயிலைக் கம்பெனிப் பங்குகள் இருந்தால் அதையும் மறைக்காமல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.